பெங்களூருவில் ஆராய்ச்சிக் கூட வேலையா? புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் ஆறு மாத வழிகாட்டி

ஒவ்வொரு வருடமும் ஜூலை, ஆகஸ்டில் எங்கள் கட்டடத்துக்கு நாலைந்து பேர் புதிதாக வந்து சேருவார்கள். மதுரை, பாளையங்கோட்டை, கோவை, நாகர்கோவில் என்று எங்கோ எம்.எஸ்சி. முடித்துவிட்டு, ப்ராஜெக்ட் அசோசியேட் என்றோ ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) என்றோ ஒரு வேலை ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த மாடிக்குப் போவது என்று தெரியாமல் படிக்கட்டில் நிற்பார்கள். நான் போனில் தமிழ் பேசுவது காதில் விழுந்தால் போதும், 'அக்கா, நீங்க தமிழா?' என்று வந்துவிடுவார்கள். பதிமூன்று வருடத்துக்கு முன் நானும் அதே படிக்கட்டில் அப்படித்தான் நின்றேன். அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை. அதனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதுகிறேன். நான் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன், உதாரணங்கள் அங்கிருந்துதான் வரும். இயற்பியல், பொறியியல் பக்கம் போகிறவர்களுக்கும் ஆபீஸ் நடைமுறை பெரும்பாலும் இதேதான்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்

ஆர்டரை நிதானமாகப் படியுங்கள். பதவியின் பெயர் என்ன, மாதத்துக்கு எவ்வளவு, வீட்டு வாடகைப் படி தனியாக உண்டா, எந்தத் தேதி வரை வேலை. இந்த நாலும் தெளிவாக இல்லையென்றால் சேருவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். மத்திய அரசு நிதியில் ஓடும் ப்ராஜெக்டுகளில் ஜே.ஆர்.எஃப். தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து அடுத்த படியான எஸ்.ஆர்.எஃப்.-ஆக உயர்ந்தால் 42,000. பிஎச்.டி. முடித்து ரிசர்ச் அசோசியேட்டாக வருகிறவர்களுக்கு 58,000, 61,000, 67,000 என்று மூன்று படி. நெட், கேட் என்கிற தேசியத் தகுதித் தேர்வுகளில் தேறாமல் ப்ராஜெக்ட் அசோசியேட்டாகச் சேருகிறவர்களுக்கு ஜே.ஆர்.எஃப். அளவுக்கு வராது, குறைவுதான். வாடகைப் படிக்கு பெங்களூரு, சென்னையைப் போலவே 'எக்ஸ்' வகை நகரம், அதாவது மேல் விகிதம். ஆனால் ஆர்டரில் 'கன்சாலிடேட்டட்', அதாவது எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று போட்டிருந்தால் படி தனியாக வராது.

முதல் மாதப் பணம் முதல் மாதமே கைக்கு வரும் என்று நம்பி வராதீர்கள். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, நிதிப் பிரிவில் உங்கள் பெயர் ஏறுவது எல்லாம் முடிய இரண்டு மாதம் ஆனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். வீட்டில் சொல்லத் தயங்க வேண்டாம், இது எல்லோருக்கும் நடப்பதுதான்.

தங்குமிடம் பற்றி ஒரே பேச்சு: ஹாஸ்டல் பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர்களுக்குத்தான், ப்ராஜெக்ட் ஆட்களுக்கு அபூர்வமாகக் கிடைக்கும். முதல் மூன்று மாதம் பி.ஜி. என்கிற பேயிங் கெஸ்ட் விடுதியில் இருங்கள். இந்திய அறிவியல் நிறுவனம் பக்கம் என்றால் மத்திகெரே, யஷ்வந்தபுரம், ஜி.கே.வி.கே. என்கிற வேளாண் பல்கலைக்கழக வளாகத்தின் பக்கம் என்றால் சஹகார நகர், யலஹங்கா. பெங்களூரு பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகம் என்றால் நாகரபாவி, கெங்கேரி. வாடகை வீடு எடுப்பதென்றால் பத்து மாத அட்வான்ஸ் என்று ஆரம்பிப்பார்கள். பேசுங்கள், இறங்குவார்கள். வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

முதல் நாள்: நோட்டு ஒன்று வாங்குங்கள்

வளாகத்துக்குள் நுழையும் முன் வெளியே ஒரு கடையில் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கான லேப் நோட்புக் வேறு, அது கூடத்திலேயே கொடுப்பார்கள். இது உங்கள் சொந்த நோட்டு. எந்தத் தாளை, எந்தத் தேதியில், யாரிடம் கொடுத்தீர்கள், அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் இதில் போகட்டும். நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இந்த நோட்டுதான் அடிப்படை.

முதல் பதிவு ஜாயினிங் ரிப்போர்ட். அதை முற்பகலிலேயே கொடுங்கள். ரயில் தாமதமாகி மதியத்துக்கு மேல் கொடுத்தால் 'பிற்பகல்' என்று எழுதுவார்கள், உங்கள் சம்பளம் அடுத்த நாளிலிருந்துதான் கணக்கு. வெள்ளிக்கிழமை மதியம் சேர்ந்தால் எத்தனை நாள் போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழ்களைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்த ரிப்போர்ட்டின் நகலில் சீல் வைத்து வாங்கி நோட்டுக்குள் ஒட்டிவிடுங்கள். மின்னஞ்சல் முகவரி, நூலக அட்டை, கட்டடத்தின் இரவு அனுமதி மூன்றுக்கும் அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிடலாம்.

செக்‌ஷனில் இருக்கிறவர்கள்

புதிதாக வருகிறவர்கள் பேராசிரியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது இயல்புதான். ஆனால் உங்கள் சம்பளம், பொருள், விடுப்பு, நீட்டிப்பு எல்லாம் நடப்பது துறை அலுவலகத்திலும் அக்கவுண்ட்ஸிலும் ஸ்டோர்ஸிலும். அங்கே முப்பது வருடமாக வேலை செய்கிற ஒரு கண்காணிப்பாளருக்கு, எந்த ஃபைல் எந்த மேசையில் நிற்கும், ஏன் நிற்கும் என்பது பார்க்காமலே தெரியும். அவர்களிடம் மரியாதையாகப் பழகுங்கள். காரியம் இருக்கும்போது மட்டும் போய் நிற்காதீர்கள். அட்டெண்டரை 'அண்ணா' என்று கூப்பிடலாம். கன்னடத்திலும் அண்ணாதான்.

கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம், பத்து வருடம் அப்படியே ஓட்டியவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் கடைசி வரை விருந்தாளிதான். தமிழ் தெரிந்தவருக்குக் கன்னடம் கால் பங்கு ஏற்கெனவே தெரியும். நம் பகரம் சொல்லின் தொடக்கத்தில் அங்கே ஹகரம் ஆகிவிடும்: பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, சிற்றூர் என்ற பொருளில் வரும் பள்ளி ஹள்ளி. பஸ் போர்டில் வரிசையாக வரும் ஹள்ளிகள் எல்லாம் நம் ஊர்ப் பட்டிதொட்டியில் இருக்கும் பள்ளிகள்தான் என்று புரிந்த அன்று எனக்கு இந்த ஊர் சொந்த ஊராகிவிட்டது. முதல் வாரத்துக்கு மூன்று வாக்கியம் போதும். 'ஊட்டா ஆய்த்தா?' என்றால் சாப்பிட்டாச்சா. 'நன்ன ஃபைல் எல்லிதே சார்?' என்றால் என் ஃபைல் எங்கே இருக்கிறது. 'கன்னடா கலீத்தா இத்தீனி' என்றால் கன்னடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். மூன்றாவதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் பேச்சின் வேகத்தை உங்களுக்காகக் குறைப்பார்.

பொருள் வாங்குவது

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் ப்ராஜெக்டின் பணம் தலைப்பு தலைப்பாகப் பிரிந்திருக்கும். கருவிக்கு ஒன்று, பயன்படுத்தித் தீரும் பொருட்களுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று. ஒரு தலைப்பில் மிச்சம் இருக்கிறதென்று இன்னொன்றுக்கு நீங்களாக எடுத்துச் செலவு செய்ய முடியாது. முதல் வாரத்திலேயே ப்ராஜெக்டின் அனுமதி ஆணையைக் கேட்டு வாங்கி, தலைப்புவாரியாகத் தொகைகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆணையில் நிதி தரும் அமைப்பின் பெயர் ஏ.என்.ஆர்.எஃப். என்று இருக்கும், பக்கத்து மேசைக்காரர் செர்ப் என்பார். குழம்ப வேண்டாம். 2023-இல் வந்த சட்டத்தின்படி பழைய செர்ப் போய் ஏ.என்.ஆர்.எஃப். வந்தது, வாய்ப் பழக்கம்தான் இன்னும் மாறவில்லை.

வேண்டிய பொருளுக்கு இன்டென்ட், அதாவது வாங்கித் தரச் சொல்லும் கோரிக்கைப் படிவம் போடவேண்டும். அதற்கு முன் ஜெம் என்கிற அரசின் இணையச் சந்தையில் அது கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்றால் அந்தச் சான்றை எடுத்து இணைக்கவேண்டும் என்பது 2025 வரை எல்லோருக்கும் இருந்த விதி, இப்போது உங்கள் நிறுவனத்தில் வேண்டுமா என்று செக்‌ஷனில் கேளுங்கள். தொகை கூடக் கூட விதி இறுகும்: கொஞ்சமென்றால் நேரடியாக வாங்கலாம், அதற்கு மேல் கொட்டேஷன், கமிட்டி, டெண்டர். எந்தத் தொகைக்கு எது என்பது அவ்வப்போது மாறுவதால், பழைய ஃபைலைப் பார்த்து அப்படியே எழுதாதீர்கள். செக்‌ஷனில் இப்போதைய சுற்றறிக்கையைக் கேளுங்கள். ஒரே நிறுவனம்தான் தயாரிக்கிறது என்றால் 'ப்ரொப்ரைட்டரி' சான்று வேண்டும். அதில் வேறு பொருள் ஏன் ஆகாது என்று இரண்டு வரி தெளிவாக எழுதுங்கள். 'தரமானது' என்று மட்டும் எழுதினால் ஃபைல் திரும்பி வரும்.

இனி நான் பட்ட ஒன்று. சேர்ந்த வருடம், ஆறு வாரம் காத்திருந்து, உறைகுளிரிலேயே வைக்கவேண்டிய ஒரு என்சைம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு கூரியர்காரர் தெர்மோகோல் பெட்டியை ஸ்டோர்ஸில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சலானில் எங்கள் கூடத்தின் பெயர் இல்லை, பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும். திங்கட்கிழமை காலை நான் போய்த் திறந்தபோது உள்ளே உலர்பனி ஒரு துண்டு கூட மிச்சமில்லை, பெட்டியின் சுவர் மட்டும் லேசாக ஈரமாக இருந்தது. குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருந்தது. இரண்டு நாள் வேலை செய்து பார்த்தோம், செத்துவிட்டது. ஸ்டோர்ஸ்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அது என்னவென்று அவருக்குச் சொன்னவர் யாரும் இல்லை.

அன்றிலிருந்து ஆர்டர் போகும்போதே டெலிவரி முகவரியில் ஆய்வுக்கூடத்தின் பெயர், அறை எண், என் போன் எண் மூன்றையும் போடச் சொல்வேன். குளிரில் வரும் பொருள் என்றால் திங்கள் அல்லது செவ்வாய் வந்து சேருகிற மாதிரி அனுப்பச் சொல்வேன். ஸ்டோர்ஸ் அண்ணாவிடம் நேரில் போய், 'இப்படி ஒரு பெட்டி வரும், வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுங்க' என்று சொல்லிவிட்டு வருவேன். இன்று வரை ஒரு பெட்டியும் கெடவில்லை.

மார்ச்

நிதியாண்டு மார்ச் 31-இல் முடியும். டிசம்பரிலேயே செலவைக் கணக்குப் பாருங்கள். பிப்ரவரிக்கு மேல் போடும் இன்டென்ட் பெரும்பாலும் மார்ச்சுக்குள் பில்லாகி வராது. வருடம் முடிந்ததும் செலவுக் கணக்கும், 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றும் போகவேண்டும். வளாகத்தில் எல்லோரும் 'யு.சி.' என்றுதான் சொல்வார்கள். அது போனால்தான் அடுத்த தவணைப் பணம், அதாவது உங்கள் சம்பளமும். அதனால் யு.சி. தயாரிப்பது பேராசிரியரின் வேலை என்று ஒதுங்காமல் கூட உட்காருங்கள். ஒரு வருடம் எங்கள் கணக்குக்கும் அக்கவுண்ட்ஸ் கணக்குக்கும் 14 ரூபாய் வித்தியாசம். இரண்டு நாள் தேடினோம். ஒரு பில்லில் பைசாவை மேலே சேர்த்து முழு ரூபாயாக்கியதும், சின்ன ஒரு கூரியர் தொகையும் சேர்ந்து பதினாலு ஆகியிருந்தது. ஒவ்வொரு பில்லையும் வந்த அன்றே நோட்டில் ஏற்றியிருந்தால் பத்து நிமிட வேலை.

ஆய்வுக்கூடத்துக்குள்

லேப் நோட்புக்கில் பேனாவால் எழுதுங்கள். பக்க எண் போடுங்கள். தாளைக் கிழிக்காதீர்கள். தவறை ஒரே கோட்டால் அடியுங்கள், அடியில் இருப்பது படிக்க முடியவேண்டும். சரியாக வராத பரிசோதனையையும் எழுதுங்கள். அடுத்து வருகிறவர் அதே ஒரு மாதத்தை வீணாக்காமல் இருப்பது உங்கள் அந்த ஒரு பக்கத்தால்தான்.

குழாய்களின் மேல் பெயர், தேதி, உங்கள் இனிஷியல் மூன்றும் வேண்டும். சாதாரண மார்க்கர் எழுத்து ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும். ஒட்டும் லேபிளில் பென்சிலால் எழுதினால் நிற்கும்.

திரவ நைட்ரஜன் எடுக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், அந்தப் பாத்திரத்தோடு லிஃப்டில் ஏறவே ஏறாதீர்கள். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். மூடிய லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்காது. பாத்திரத்தை மட்டும் லிஃப்டில் அனுப்பிவிட்டு மேலே ஒருவர் எடுத்துக்கொள்ளவேண்டும், நடுத்தளத்தில் யாரும் ஏறாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். சீனியர் அவசரமாகக் கொண்டுவரச் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கட்டுரையில் பெயர் வருமா என்ற கேள்வியை ஆறாவது மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. 'சார், இந்தப் பகுதியை நான் செய்கிறேன், எழுதும்போது ஆசிரியர் வரிசையில் வருமா, நன்றியில் வருமா?' என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல பேராசிரியர் தெளிவாகப் பதில் சொல்வார். ப்ராஜெக்ட் பிள்ளைகளின் உழைப்பு பெயரில்லாமல் போவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் கேட்காமல் இருந்தவர்கள்.

படிக்க வேண்டிய ஆய்விதழ்களுக்குப் பணம் கட்டவேண்டாம். 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு வருகின்றன. ப்ராஜெக்ட் ஆட்களுக்கு நூலகக் கணக்கு தானாக வராத இடங்களில் போய்க் கேட்டு வாங்குங்கள். உங்கள் தலைப்பில் முன்பு என்ன பிஎச்.டி. நடந்தது என்று பார்க்க சோத்கங்கா தளம் இலவசம். அதிலிருந்து பத்தியை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினாலே நடவடிக்கைக்கு இடம் உண்டு.

செய்தி வெளியே போகும்போது

கட்டுரை ஏற்கப்பட்டதும் முதலில் கை போவது வாட்ஸாப்புக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள். சில இதழ்கள் வெளியிடும் நேரம் வரை செய்தியை வெளியே விடக்கூடாது என்று தடை வைத்திருக்கும், எம்பார்கோ என்பார்கள். பேராசிரியரைக் கேட்டு, பல்கலைக்கழகத்தின் செய்தித் தொடர்புப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்களுக்கு வேண்டியது முந்நூறு வார்த்தையில் ஒரு குறிப்பும் நல்ல படம் ஒன்றும். முதல் பத்தியில் என்ன கண்டுபிடித்தீர்கள், எதில் கண்டுபிடித்தீர்கள் என்று இரண்டையும் எழுதுங்கள். எலியிலா, மீனிலா, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலா என்பது முதல் பத்தியில் இருக்கவேண்டும். எங்கள் குறிப்பு ஒன்றில் அது மூன்றாவது பத்தியில் இருந்தது. ஒரு பத்திரிகையில் வந்த தலைப்பைப் பார்த்துவிட்டு, சேலத்திலிருந்து ஒரு தகப்பனார் மகளுக்கு அந்த மருந்து எப்போது கிடைக்கும் என்று போன் செய்தார். அது வரிக்குதிரை மீனில் செய்த வேலை. அவரிடம் பேசி முடித்தபின் வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

தமிழிலும் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினால் எங்கே புரியவில்லை என்பது உடனே தெரியும்.

மற்றவர்களின் செய்தியையும் கேளுங்கள். இந்த ஊரில் அதற்குக் குறைவே இல்லை. சதாசிவ நகரில் சி.வி.ராமன் 1948-இல் நிறுவிய ஆய்வு நிறுவனம், ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு மையம், ஜி.கே.வி.கே. வளாகத்தில் உயிரியல் தேசிய மையம், கோரமங்களாவில் வானியற்பியல் நிறுவனம் என்று எங்காவது பொதுச் சொற்பொழிவு இருந்துகொண்டே இருக்கும். நம் காவலூரிலும் கொடைக்கானலிலும் இருக்கும் வானாய்வகங்கள் கோரமங்களாவில் இருக்கும் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவைதான். நேரு கோளரங்கத்தில் 'காபி வித் க்யூரியாசிட்டி' என்ற பெயரில் நடக்கும் கூட்டங்களுக்கு பள்ளிப் பிள்ளைகள் முதல் ஓய்வு பெற்றவர்கள் வரை வருவார்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், அதையொட்டிப் பல வளாகங்கள் மக்களுக்குக் கதவைத் திறந்துவிடும். அன்று உங்கள் கூடத்தின் மேசைக்கு முன் நின்று விளக்குகிற வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வரும். ஒரு பையனுக்கு நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைத் தமிழில் விளக்கினேன், அவன் பாட்டியும் குனிந்து பார்த்தார்.

மனம் சோர்ந்தால் அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நூலகமும் உண்டு. ஏரிக்கரைத் திருவள்ளுவரையும் பார்த்துவிட்டு வரலாம்.

விடுப்பு, புகார், நீட்டிப்பு

உங்களுக்கு என்ன விடுப்பு என்பதை வாய்மொழியாகக் கேட்காமல் விதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மகப்பேறு விடுப்பு ப்ராஜெக்ட் ஆராய்ச்சி உதவித்தொகைகாரர்களுக்கும் உண்டு. 'ப்ராஜெக்ட் ஸ்டாஃபுக்கு எதுவும் கிடையாது' என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

பெண்களுக்கு ஒன்று. பாலியல் தொந்தரவு நடந்தால் புகார் செய்ய, பத்துப் பேராவது வேலை செய்கிற ஒவ்வொரு நிறுவனத்திலும் உட்புகார்க் குழு இருக்கவேண்டும் என்பது 2013 சட்டம். தற்காலிகமாக, ஒப்பந்தத்தில், பயிற்சியில் இருக்கிறவர்களுக்கும் அது பொருந்தும். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். குழு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் அறிவிப்புப் பலகையில் இருக்கும், சேர்ந்த வாரமே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படாமலே போகட்டும்.

நீட்டிப்பு ஆணைக்கு, உங்கள் காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே ஃபைலைக் கிளப்புங்கள். இதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஆர்டர் முடிந்தது ஜூலை 31, பேச்சில் எல்லாம் சரி என்று சொன்னார்கள், நான் வேலையைத் தொடர்ந்தேன். நீட்டிப்பு ஆணை வந்தது செப்டம்பர் கடைசியில். இரண்டு மாதம் சம்பளமில்லை, அடையாள அட்டை காலாவதியாகிவிட்டதால் நூலகக் கதவும் திறக்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு திங்களும் காலை பத்தரைக்கு ஃபைல் எந்த மேசையில் இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து, மேசையின் பெயரையும் தேதியையும் எழுதி வருவது வழக்கமாகிவிட்டது. போனில் கேட்டால் 'மூவ் ஆகியிருக்கு' என்பார்கள். நேரில் போனால் மேசையில் இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

கிளம்பும்போது

பிஎச்.டி. கிடைத்தோ வேறு வேலை கிடைத்தோ ஒருநாள் கிளம்புவீர்கள். நூலகம், ஸ்டோர்ஸ், கணினிப் பிரிவு, துறை அலுவலகம் என்று நோ ட்யூஸ் படிவத்தில் கையெழுத்து வாங்க முழுதாக மூன்று நாள் ஒதுக்குங்கள். அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, பதவியின் பெயர் மூன்றும் ஆர்டரில் இருக்கிறபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். ஊருக்குப் போனபின் திருத்தி வாங்குவது பெரும்பாடு.

கடைசி வாரம் ஃப்ரீசரில் எந்த அடுக்கில் எந்தப் பெட்டி, எந்தப் பெட்டியில் என்ன குழாய் என்று பட்டியல் எழுதி, அடுத்து வருகிற பிள்ளையை ஃப்ரீசர் முன் நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். சாவியைக் கொடுங்கள். பட்டியலின் அடியில் அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், தேதியோடு.